கூடாரத்துக்குள் இருபத்தேழு டிகிரி: கேமரன் மலையில் நான் ஹீட்டர் போட்ட கதை

இந்தப் பயணத்துக்குக் காரணம் மலைக்காற்றும் தேயிலைத் தோட்டமும்தான் என்று எழுத ஆரம்பித்தேன். என் மனைவி சுமதியும் இதைப் படிப்பாள் என்பது ஞாபகத்துக்கு வந்தது. அதனால் உண்மையையே சொல்லிவிடுகிறேன். காரணம் பொறாமை.

போன டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஒரு மாதம் முன்னால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் என் சகலை குணசேகரன், அதாவது சுமதியின் அக்கா சாந்தியின் கணவர். சிம்பாங் அம்பாட்டில் வீடு, அதே வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்கிற பாதுகாப்பு அதிகாரி. படத்தில் இருந்தது கேமரன் மலையில் அவர் போட்ட கூடாரம். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் எரிகிற ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர். பக்கத்தில் சால்வை போர்த்திக்கொண்டு, ஆவி பறக்கும் கோப்பையோடு சாந்தி அக்கா. கீழே ஒரே வரி: 'வெளியே 16, உள்ளே 22.'

இதில் வயிறு எரிய என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் ஏர்கோன் வேலை செய்கிறவன். டத்தோ கிராமாட்டில் வீடு, வாசலில் ஒரு வேன், வேன் மேல் ஏணி. படிப்பு மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்போடு சரி. ஆனால் இருபது வருடமாகப் பினாங்குத் தீவில் எத்தனையோ வீடுகளைக் குளிர வைத்திருக்கிறேன். உள்ளே எத்தனை டிகிரி, வெளியே எத்தனை டிகிரி என்று பேசுவது என் தொழில். அந்த மனிதருக்கு அதில் என்ன வேலை?

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து மூன்று நாள், இரண்டு இரவு போகலாம் என்று சாந்தி அக்கா அழைத்தபோது, என் மகள் தர்ஷினி, பதினொரு வயது, யாரும் கேட்காமலே சொன்னாள்:

"நான் பெரியப்பா டெண்ட்ல படுக்குறேன். அங்கதான் ஹீட்டர் இருக்கு."

"நம்ம டெண்ட்ல என்ன கொறச்சல்?"

"நம்ம டெண்ட்ல நீங்க இருக்கீங்க, அம்மா இருக்காங்க. ஹீட்டர் இல்ல."

சுமதி சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றே முடிவு செய்துவிட்டேன். மலைக்குப் போனால் என் மகள் என் கூடாரத்தில்தான் படுக்க வேண்டும். இந்தப் பயணத்தில் எனக்கு இருந்த ஒரே திட்டம் அதுதான். தேயிலையாவது, ஸ்ட்ராபெரியாவது.

பினாங்கில் ஹீட்டர் தேடுவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் சொல்வது லோரோங் கூலிட் ஞாயிறு சந்தை. காலை ஏழரைக்குப் போய்விடுங்கள். பழைய கடிகாரம், ஒற்றைச் செருப்பு, யார் வீட்டுத் திருமணத் தட்டோ, எல்லாம் தரையில் விரித்திருக்கும். அங்கே ஒரு பாய் கடையில், துருப்பிடித்த காற்றாடிகளுக்கு நடுவில், சின்னப் பெட்டி அளவில் ஒரு கேஸ் ஹீட்டர் கிடந்தது. மேசையில் வைத்துச் சமைக்கிற ஸ்டீம்போட் அடுப்புக்குப் போடுகிற அதே கேஸ் டின்னைப் பக்கத்தில் செருகினால் போதும்.

"எவ்வளவு பாய்?"

"நூத்தி இருபது. ஜப்பான் சாமான்."

"பினாங்குல யாரு பாய் ஹீட்டர் வாங்குவா?"

"அதத்தான் நானும் ஆறு மாசமா யோசிக்கிறேன். நீங்க வந்திருக்கீங்க. எம்பது குடுங்க, தூக்கிட்டுப் போங்க."

எழுபத்தைந்து ரிங்கிட்டுக்கு முடிந்தது. பின்பக்கத்தில் ஜப்பானிய எழுத்தில் பெரிய மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. விலாசமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சகலையின் ஹீட்டர் எண்ணூற்றுச் சொச்சம் என்று சுமதி எப்போதோ சொல்லியிருந்தாள். எழுபத்தைந்து வெள்ளியில் அவரை மடக்கப் போகிறேன் என்ற சந்தோஷத்தில், சந்தை வாசலில் இரண்டு தே தாரிக் குடித்தேன்.

வீட்டு வாசலில் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். அன்று வெயில் முப்பத்து மூன்று டிகிரி. ஹீட்டர் அருமையாக எரிந்தது. எதிர்வீட்டுச் செல்வி அக்கா துணி காயப்போட வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். சோதனை வெற்றி. திறந்த வாசலில் நடந்த சோதனை அது என்பது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை 6.40க்குக் கிளம்பினோம். பாலம் தாண்டி, 7.30க்கு சிம்பாங் அம்பாட். பாலத்தில் தீவுக்குத் திரும்பும்போதுதான் டோல், போகும்போது இல்லை. சகலை குணசேகரன் காடி என்று நாங்கள் சொல்லும் காரைக் கழுவி, டயருக்குக் காற்றடித்து, வாசலில் தயாராக நின்றார். கையில் அட்டையில் செருகிய ஒரு தாள். கொண்டுபோகும் சாமான்களுக்கு ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன சாமான் சகல?" என்றேன்.

"நாப்பத்தி மூணு. உங்களுக்கு?"

"நான் எண்ணுறதில்ல. வேன்ல என்ன இருக்கோ அதுதான்."

அவர் அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்தார். நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி.

நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, வழியில் ஓய்விடத்தில் நாசி லெமாக் சாப்பிட்டு, சிம்பாங் பூலாயில் வெளியேறும்போது மணி 9.50. டோல் இருபது வெள்ளிக்குள். மலையேறுவதற்கு முன் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் வளைவுகள்தான். பாதையில் எதிரே காய்கறி லோரிகள் வேகமாக இறங்கும், அவற்றுக்கு வழிவிட வெட்கப்படாதீர்கள். தர்ஷினிக்கு இரண்டு தடவை குமட்டியது. என் வேனில் மீட்டர் காட்டிய மொத்தத் தூரம் 238 கிலோமீட்டர்.

கூடாரத் திடல் கம்போங் ராஜாவைத் தாண்டி, ஒரு காய்கறித் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. ஒரு கூடாரத்துக்கு ஒரு இரவு ஐம்பது வெள்ளி, சுடுதண்ணீர்க் குளியல் சேர்த்து. பார்த்துக்கொள்பவர் பத்மா அக்கா. மேலுக்கு ஸ்வெட்டரும் காலுக்கு ரப்பர் பூட்ஸுமாக வந்து காசு வாங்கிக்கொண்டு, மேகத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு மழ பிடிச்சிரும். அதுக்குள்ள கட்டிருங்க. விட்டா ஆறு மணி வரைக்கும் நிக்காது."

சகலையின் கூடாரம் எழும்புவதை நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே படுக்க ஒரு பகுதி, உட்கார ஒரு பகுதி. உட்காரும் பகுதியில் ஒரு பலகையை வைத்து, மட்டம் பார்க்கும் கருவியால் மட்டம் பார்த்து, அதன் மேல் ஹீட்டரை வைத்தார். மட்டக்கருவி. என் தொழில் சாமான். அதன் பிறகு மேல் ஜன்னல் ஒன்றையும், அடியில் தரையோரமாக இருந்த ஜன்னல் ஒன்றையும் திறந்துவிட்டார். கூடாரச் சுவரில் சோப்புக்கட்டி அளவில் வெள்ளையாக ஏதோ ஒரு கருவியைத் தொங்கவிட்டு, பொத்தானை அமுக்கினார். அது கத்தியது. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை.

"சகல, எண்ணூறு வெள்ளி ஹீட்டர போட்டுட்டு ஜன்னலத் தெறந்து வச்சிருக்கீங்க. யாருக்கு சூடு காட்டுறீங்க, முட்டக்கோசுக்கா?"

"காத்து வேணும்ல, சகல."

"என்கிட்ட காத்தப் பத்திப் பேசாதீங்க. இருபது வருஷமா அதுலதான் நான் சோறு தின்னுறேன்."

"அதுக்கில்ல, இது வந்து..."

"சரி சரி, கட்டுங்க," என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அவர் சொல்ல வந்ததை அங்கேயே நின்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இதோடு முடிந்திருக்கும்.

இப்போது என் தொழிலைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். ஏர்கோன்காரனுக்கு முதல் எதிரி இடுக்கு. கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் குளிர் அதன் வழியாகப் போய்விடும். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் சொல்வது, 'அம்மா, கதவ மூடுங்க, ஜன்னல மூடுங்க.' பினாங்கில் வளர்ந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: ஏர்கோன் ஓடும்போது கதவைத் திறந்து வைத்தால் வீட்டில் என்ன திட்டு விழும் என்று. குளிரை உள்ளே பிடித்து வைக்க என்ன செய்கிறோமோ, சூட்டைப் பிடித்து வைக்கவும் அதையே செய்ய வேண்டியதுதானே? எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. ஒரு ஹீட்டரை என் வாழ்க்கையில் அன்றைக்கு முன் ஒரே ஒரு தடவைதான் எரிய விட்டிருக்கிறேன், அதுவும் செல்வி அக்கா பார்க்க.

வேனிலிருந்து பஞ்சு டேப், அலுமினிய டேப் இரண்டையும் எடுத்தேன். மேல் ஜன்னலை உள்ளிருந்து அலுமினிய டேப்பால் அடைத்தேன். தரையோரம், கீழ் ஜன்னலையும் சேர்த்து, நான்கு பக்கமும் பஞ்சு டேப். வாசல் ஜிப்பின் மேல் உள்ளே ஒரு நீள டேப், தேவைப்படும்போது பிரித்து ஒட்டிக்கொள்ளலாம். ஒரு சுருக்கம் இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிக நேர்த்தியான வேலைகளில் அதுவும் ஒன்று. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

நான்கு மணிக்கு மழை. பத்மா அக்கா சொன்ன மாதிரியே. மூடுபனி வந்து முட்டைக்கோசுகளை மறைத்தது. வெளியே பதினேழு டிகிரி. 4.20க்கு ஹீட்டரைக் கொளுத்தினேன். 4.35க்கு என் டிஜிட்டல் தெர்மாமீட்டர், வாடிக்கையாளர் வீட்டில் காற்றுக் குழாயில் செருகிப் பார்ப்பது, இருபத்தேழு காட்டியது. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். 'வெளியே 17, உள்ளே 27.' பெரிய மனிதன் மாதிரி வேறு எதுவும் எழுதவில்லை.

பக்கத்துக் கூடாரத்திலிருந்து தர்ஷினி குடை பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"நெஜமாவே இருபத்தேழா?"

"உள்ள வந்து பாரு. சீக்கிரம், சூடு போயிரும்."

அவள் உள்ளே வந்து ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டாள். "பெரியப்பா டெண்ட்ல காத்து வருதுப்பா. இங்க சூப்பரா இருக்கு," என்றாள். அப்போது எனக்கு இருந்தது வெறும் ஆனந்தம். ராத்திரி இங்கேயே படுக்கிறேன் என்று சொன்னாள். ஜெயித்துவிட்டேன்.

மூவரும் சீட்டு விளையாடினோம். ஐந்து மணி வாக்கில் சுமதி நெற்றியைத் தேய்த்தாள்.

"என்னங்க, தல கனக்குது."

"மலப்பாத வளைவு. காலைல இருந்தே இருக்கும்."

எனக்கும் கனத்தது. வெற்றியில் வருகிற கனம் என்று நினைத்துக்கொண்டேன். தர்ஷினி தன் முறை வந்தும் சீட்டைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். "தூக்கமா வருது," என்று சொல்லி அம்மா மடியில் சாய்ந்தாள். காலை ஐந்தரைக்கு எழுப்பிய பிள்ளை, தூங்கட்டும் என்றேன்.

5.20க்கு நான் வெளியே போனேன். ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். காற்று வாங்க இல்லை. ஜெயித்ததைச் சகலையிடம் காட்ட வேண்டும். அவரைக் கூப்பிட்டு வந்து தெர்மாமீட்டரை நேரில் காட்டினால்தான் மனசு ஆறும். 'நான் போனதும் உள்ளேயிருந்து டேப்ப அழுத்தி விட்டுரு,' என்று சுமதியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவளும் அழுத்தினாள்.

வெளியே வந்து நான்கு அடி வைத்ததும் முழங்கால் மடங்கியது. கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மழை முகத்தில் அடித்தது. வாந்தி வருகிற மாதிரி இருந்தது. சகலை தன் கூடார வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சகல, இந்த நேரத்துலேயே தண்ணியா?"

"சும்மா இருங்க. லேசா தல வலி. சுமதிக்கும் அப்படித்தான் இருக்கு."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"ரெண்டு பேருக்குமா?"

"ஆமா. வளைவுல வந்தது. பாப்பா தூங்கிருச்சு."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. சுவரில் தொங்கிய அந்த வெள்ளைக் கருவியைப் பிடுங்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், சேற்றில் ஓடினார். நான் பின்னால் தடுமாறிக்கொண்டு போனேன். அவர் ஜிப்பை இழுத்தார். வரவில்லை. உள்ளே டேப், சுமதி நன்றாக அழுத்தியிருந்தாள்.

"என்ன எழவு இது, தெறக்க மாட்டேங்குது!"

"டேப்பு, சகல. உள்ளே ஒட்டியிருக்கேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. இடுப்பிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்துப் பக்கச் சுவரை மேலிருந்து கீழ் வரை ஒரே இழுப்பில் கிழித்தார். கருவியை உள்ளே நீட்டினார். பொத்தானை யாரும் அமுக்கவில்லை, சில நொடியில் அது தானாகவே கத்த ஆரம்பித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் தர்ஷினியைத் தூக்கி என் கையில் திணித்தார். அடுத்து சுமதியை அக்குளில் கை கொடுத்து இழுத்து வந்தார். மூன்றாவது தடவைதான் போய் ஹீட்டரை அணைத்தார்.

மழையில் நான் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் இல்லை. கன்னத்தைத் தட்டினேன். மழைத்துளி இமையில் விழுந்து உருண்டது. மூன்றாம் தடவை முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அப்பா, மழ," என்றாள். உடனே என் சட்டையிலேயே வாந்தி எடுத்தாள். அந்தச் சட்டையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

சகலையின் காடியில், ஜன்னல்களையெல்லாம் இறக்கிவிட்டு, மருத்துவமனைக்குப் போனோம். என்னை ஓட்ட விடவில்லை. அந்த அவசரத்திலும் சாந்தி அக்கா எங்கள் மூவரின் அடையாள அட்டை, மாற்றுத் துணி, தர்ஷினிக்கு இரண்டு ஜோடி காலுறை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். காலுறைகூட அவர்கள் குடும்பத்துக்குத்தான் ஞாபகம் வருகிறது. அப்போதும் எனக்கு அது உறைத்தது. இப்படி ஒரு பிறவி நான்.

மூவருக்கும் ஆக்சிஜன் முகமூடி, இரண்டரை மணி நேரம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், என் தங்கை வயசு. பெயரெல்லாம் எழுதிக்கொண்டு, நடந்ததைக் கேட்டார்.

"ஹீட்டரப் போட்டுட்டு எல்லா இடுக்கையும் அடச்சீங்களா? ஏன் அண்ணே?"

"நான் ஏர்கோன் வேல, டாக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"ஏர்கோன் உங்க காத்தத் தின்னாது அண்ணே. நெருப்பு தின்னும். தின்ன காத்து பத்தலன்னா கார்பன் மோனாக்சைடு விடும். வாசனையும் இல்ல, கலரும் இல்ல. தூங்குற பிள்ளைக்கு எதுவும் தெரியாது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா நான் உங்ககிட்ட இப்படி உக்காந்து பேசிட்டு இருக்க மாட்டேன்."

இருபது வருடத் தொழிலில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. சொல்ல வந்த ஒருவரை முட்டைக்கோசு ஜோக் சொல்லி நான் நிறுத்திவிட்டேன். மூவரின் ரத்தமும் சரியாகிவிட்டது, போகலாம், தலைவலி திரும்பினால் உடனே வர வேண்டும் என்றார்கள். கட்டணம் ஆளுக்கு ஒரு வெள்ளி.

திடலுக்குத் திரும்பியதும் தர்ஷினியின் தலையணையையும் போர்வையையும் நானே எடுத்துக்கொண்டுபோய் சகலையின் கூடாரத்தில் விரித்தேன். படுக்கப் போகும் முன் சகலை தன் ஹீட்டரை அணைத்துவிட்டு எல்லாருக்கும் இன்னொரு போர்வை கொடுத்தார். எண்ணூறு வெள்ளி ஹீட்டரைத் தூங்கும்போது அணைத்துவிடுவார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நானும் சுமதியும் வேனில் படுத்தோம். ஏணிக்குப் பக்கத்தில்.

மறுநாள் காலை தர்ஷினி தன் கைப்பேசி கேமராவை என் ஹீட்டரின் மஞ்சள் ஸ்டிக்கர் மேல் பிடித்தாள். மொழிபெயர்ப்பு வந்தது: கூடாரத்துக்குள்ளும் வண்டிக்குள்ளும் உபயோகிக்கக் கூடாது. விலாசம் இல்லை. "அப்பா, இதுல மண்ட ஓடு படம்கூட இருக்கு," என்றாள். இருந்தது. கீறல் விழுந்து மங்கியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை சகலையிடம் கேட்டுக்கொண்டதை, உங்களில் யாராவது மலைக்குக் கிளம்புகிறவர்கள் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் சொல்லும்போது நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. சுமதி சாட்சி.

முதலில், ஹீட்டர் வாங்கும்போது கூடாரத்துக்குள் வைக்கலாம் என்று செய்தவர்களே எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். காற்று குறைந்தாலும், சாய்ந்தாலும் தானே அணைந்துவிடுகிற மாதிரி வருகிறது. புரியாத மொழியில் எழுதியிருந்தால் புரிந்தவரைத் தேடுங்கள். அதற்கும் மேல், எந்த ஹீட்டராக இருந்தாலும் எரிகிற நேரமெல்லாம் மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு இருக்க வேண்டும். கொஞ்சம் சூடு போகும். போகட்டும். மழையில் நனைந்த கூடாரத் துணி காற்றை இன்னும் கம்மியாகத்தான் விடும் என்று சகலை சொன்னார். மழை பெய்கிறதே என்றுதான் நாம் எல்லாவற்றையும் மூடுவோம்.

அந்த வெள்ளைக் கருவி கார்பன் மோனாக்சைடு அலாரம். நான் இப்போது ஒன்று வாங்கிவிட்டேன், தொண்ணூற்றைந்து வெள்ளி. ஒவ்வொரு தடவையும் பொத்தானை அமுக்கிக் கத்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஹீட்டரைக் கொளுத்த வேண்டும். அலாரம் இருக்கிறதே என்று ஜன்னலை மூடக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றுவது, கேஸ் டின் மாற்றுவது எல்லாம் ஹீட்டர் ஆறிய பிறகு, கூடாரத்துக்கு வெளியே. அடியில் மட்டமான பலகை. துணி, தூங்கும் பை, பிள்ளைகள், எல்லாம் குறைந்தது மூன்றடி தள்ளி. ஈரக் காலுறையை அதன் மேல் காயப்போடாதீர்கள். கரி அடுப்பை, அணைந்துபோன மாதிரி இருந்தாலும், உள்ளே கொண்டுவராதீர்கள். தூங்கும் முன் ஹீட்டரை அணைத்துவிடுங்கள். கேமரன் குளிருக்கு நல்ல தூங்கும் பையும், அடியில் ஒரு தடித்த பாயும், ஒரு குல்லாவும் போதும். உண்மையைச் சொன்னால் ஹீட்டரே தேவையில்லை. தேவை இருந்தது எனக்கு மட்டும்தான், அதுவும் குளிருக்காக இல்லை.

முக்கியமானது இதுதான். கூடாரத்துக்குள் ஒருவருக்குத் தலை வலித்தால் அது தலைவலியாக இருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வலித்தால் காரணத்தை உள்ளே உட்கார்ந்து யோசிக்காதீர்கள். எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு யோசியுங்கள். பிறகு மருத்துவமனை.

'ரெண்டு பேருக்குமா?' சகலை கேட்டது இரண்டே வார்த்தை. அவருடைய கூடாரம், ஹீட்டர், நாற்பத்து மூன்று சாமான், எதன் மேலும் இப்போது எனக்குப் பொறாமை இல்லை என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் இருக்கிறது. ஆனால் எனக்கு உண்மையாக வயிறு எரிவது அந்தக் கேள்வியை நினைத்துத்தான். என் பிள்ளையைப் பற்றிய அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும். அவருக்கு வந்தது. குடும்பக் குழுவில் அவர் இதைப் பற்றி இன்றுவரை ஒரு வரி போடவில்லை. நானாக இருந்தால் படத்தோடு போட்டிருப்பேன். அதிலும் ஜெயித்துவிட்டார்.

சனிக்கிழமை பகலில் தேயிலைத் தோட்டம் போனோம். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு காடி நிறுத்த இடம் கிடைக்காது. மாலையில் கிழிந்த சுவரை அலுமினிய டேப்பால் ஒட்டினேன். கிழிசலை மட்டும். மற்ற டேப்பையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டு, மேல் ஜன்னலையும் கீழ் ஜன்னலையும் திறந்துவைத்து, நானும் சுமதியும் ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாம் மாட்டிக்கொண்டு ஒன்பது மணிக்குப் படுத்தோம். ஹீட்டர் வேனில், கேஸ் டின் தனியாக. உள்ளே பதினெட்டு டிகிரி.

கால் மணி நேரத்தில் வாசல் ஜிப் இறங்கியது. தர்ஷினி, தலையணையும் டார்ச்சுமாக நின்றாள்.

"என்ன பாப்பா?"

"பெரியப்பா கொறட்ட விடுறாரு. டெண்ட்டே ஆடுது."

சுமதி போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் கஷ்டப்பட்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"இங்க ஹீட்டர் இல்ல, தெரியும்ல?"

"தெரியும்."

அவள் உடனே உள்ளே வரவில்லை. டார்ச்சை மேலே அடித்து மேல் ஜன்னலைப் பார்த்தாள். திறந்திருந்தது. பிறகு சுற்றிப் போய்க் குனிந்து, கீழ் ஜன்னலில் வெளியிலிருந்து கையை விட்டு, விரல்களை உள்ளே ஆட்டிக் காட்டினாள். அதன் பிறகுதான் வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்தாள்.

"அப்பா, அந்தப் பக்கமிருந்து காத்து வருது."

எழுந்து, அந்தப் பக்கம் மாறிப் படுத்துக்கொண்டேன்.